படித்துவிட்டுப் பொருத்துங்கள்: டிஃப், பேட்ச், கிட் கட்டளைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கடலூரில் ஒருவர், புதுச்சேரியில் ஒருவர். இரண்டு ஊர்களுக்கும் இடையே ஓடும் பஸ்களின் நிறுத்தங்களைக் காட்டும் சிறு நிரல் ஒன்றை இருவரும் சேர்ந்து எழுதுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கடலூர்க்காரர் ஒரு கோப்பில் இரண்டு வரிகளைத் திருத்துகிறார். அதைப் புதுச்சேரிக்காரரிடம் எப்படிச் சேர்ப்பது? முழுக் கோப்பையும் அனுப்பினால், அதற்குள் புதுச்சேரியில் அதே கோப்பில் நடந்திருக்கும் வேலை அழிந்துபோகும். "பதினான்காவது வரியை இப்படி மாற்றுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் எழுதினால், அங்கே பதினான்காவது வரியில் வேறு ஏதாவது இருக்கும். மாறிய வரிகளை மட்டும், அவை எங்கே இருக்கின்றன என்ற அடையாளத்தோடு ஒரு சிறு கோப்பாக அனுப்புவதே சரியான வழி. அந்தக் கோப்புக்குத்தான் பேட்ச் என்று பெயர்.

புதுச்சேரியில் கல்லூரி மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கும்போது, எல்லோரும் முதலில் கேட்பது கட்டளையைத்தான். நான் அதைச் சற்றுத் தள்ளிப்போடுவேன். பேட்ச் கோப்பைக் கண்ணால் படிக்கத் தெரிந்தவருக்கு அரை டஜன் கட்டளைகள் போதும். படிக்கத் தெரியாதவருக்கு எத்தனை கட்டளைகள் மனப்பாடமாக இருந்தாலும் முதல் தடங்கலிலேயே கை நின்றுவிடும். ஆகவே இந்த வழிகாட்டியும் படிப்பதிலிருந்துதான் தொடங்குகிறது.

ஒரு குறிப்பு. கட்டளைகளை இங்கே உச்சரிப்புப்படி தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில், அதாவது கட்டளைகளைத் தட்டும் சாளரத்தில், அவற்றை ஆங்கில எழுத்தில்தான் தட்ட வேண்டும். நீங்கள் உருவாக்கும் கோப்புகளின் பெயர்களைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாம்; கருவிகள் தாமாகச் சேர்க்கும் முன்னொட்டும் வாலும் ஆங்கில எழுத்தில்தான் இருக்கும். லினக்ஸ் அதற்குத் தடை சொல்வதில்லை. விருப்பக் குறிகளுக்கு ஓரெழுத்துச் சுருக்கங்கள் உண்டு என்றாலும், இரட்டைக் கோடு போட்ட முழுப் பெயர்களையே பயன்படுத்தியிருக்கிறேன். ஆறு மாதம் கழித்து உங்கள் குறிப்பேட்டைத் திறந்தால் முழுப் பெயர்தான் புரியும்.

தேவையான கருவிகள்

மூன்றே மூன்று: டிஃப், பேட்ச், கிட். டிஃப் கோப்புகளின் வித்தியாசத்தை எடுக்கும். பேட்ச் அதைப் பொருத்தும்; கோப்புக்கும் அதைப் பொருத்தும் நிரலுக்கும் ஒரே பெயர்தான். கிட், நிரலில் நடந்த மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும். உபுண்டு, டெபியன் கணினிகளில் டிஃப் ஏற்கெனவே இருக்கும். மற்ற இரண்டையும் இப்படி நிறுவலாம்:

```
சூடோ ஏபிடி இன்ஸ்டால் பேட்ச் கிட்
```

விண்டோஸில் கிட் மென்பொருளை நிறுவினால் அதோடு வரும் கிட் பாஷ் சாளரத்தில் மூன்றும் கிடைக்கும். மேக் கணினியில் டிஃப், பேட்ச் இரண்டும் உடன் வருகின்றன. அங்குள்ள பேட்ச், லினக்ஸில் வழங்கும் குனு என்ற கருவித் தொகுப்பைச் சேர்ந்ததாக இல்லாமலும் இருக்கலாம் என்பதால், சில விருப்பக் குறிகளும் செய்திகளும் கீழே சொல்வதிலிருந்து சற்று மாறலாம்.

இவை பழுத்த கருவிகள். டிஃப் 1974இல் வெளிவந்த யூனிக்ஸின் ஐந்தாம் பதிப்பிலேயே இருந்தது. பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் மெக்கில்ராய் எழுதியது. பேட்ச் நிரலை லாரி வால் 1985இல் வெளியிட்டார். பெர்ல் மொழியை உருவாக்கியவரும் அவரே. லினக்ஸ் கருநிரல் (கெர்னல்) வளர்ந்த முறையே மின்னஞ்சலில் வந்த பேட்ச்களைப் படித்துப் பொருத்துவதுதான். அந்த வேலைக்காகவே 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் நிரலை எழுதத் தொடங்கினார். இணையப் பக்கத்தில் பொத்தானை அழுத்தி மாற்றங்களை இணைப்பவர்களுக்கும் அடியில் நடப்பது இதே கணக்குதான்.

முதல் படி: பேட்ச் கோப்பைப் படிப்பது

நம் நிரலின் கோப்புறையில் "தடம்" என்ற உள் கோப்புறை இருக்கிறது. அதற்குள் "நிறுத்தங்கள்" என்ற கோப்பு. கடலூர்க்காரர் அனுப்பிய பேட்ச் இப்படி இருக்கிறது:

```
--- ஏ/தடம்/நிறுத்தங்கள்
+++ பி/தடம்/நிறுத்தங்கள்
@@ -1,6 +1,7 @@
 கடலூர்
 ரெட்டிச்சாவடி
+கன்னியக்கோயில்
 கிருமாம்பாக்கம்
-தவளகுப்பம்
+தவளக்குப்பம்
 அரியாங்குப்பம்
 புதுச்சேரி
```

முதல் வரியில் மூன்று கழித்தல் குறிகளுக்குப் பின் பழைய கோப்பின் பாதை. இரண்டாவது வரியில் மூன்று கூட்டல் குறிகளுக்குப் பின் புதிய கோப்பின் பாதை. முன்னால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஏ, பி என்ற இரண்டும் உண்மையான கோப்புறைகள் அல்ல. பழையது எது, புதியது எது என்று காட்டக் கிட் தானாகச் சேர்ப்பவை. பாதி பேருக்குத் தலைவலி இந்த இரண்டு எழுத்துகளால்தான் வருகிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இரட்டை அட் குறிகளுக்கு நடுவே இருப்பது முகவரி. "-1,6" என்றால் பழைய கோப்பில் 1ஆம் வரியிலிருந்து 6 வரிகள். "+1,7" என்றால் புதிய கோப்பில் 1ஆம் வரியிலிருந்து 7 வரிகள். ஒரு வரி கூடுதலாக வந்திருக்கிறது என்பதை இந்த வரியை வைத்தே சொல்லிவிடலாம். இந்த முகவரி வரியும் அதன் கீழுள்ள வரிகளும் சேர்ந்தது ஒரு துண்டு. ஒரு பேட்ச் கோப்பில் எத்தனை துண்டுகளும் இருக்கலாம், எத்தனை கோப்புகளுக்கான துண்டுகளும் இருக்கலாம்.

துண்டுக்குள் ஒவ்வொரு வரியின் முதல் எழுத்துதான் உயிர். கழித்தல் குறி இருந்தால் அந்த வரி போகிறது. கூட்டல் குறி இருந்தால் வருகிறது. வெற்றிடம் இருந்தால் அந்த வரி அப்படியே நிற்கிறது. ஒரு வரி திருத்தப்பட்டால் அது பழைய வரியின் நீக்கமாகவும் புதிய வரியின் சேர்க்கையாகவும் தெரியும். "தவளக்குப்பம்" என்ற பெயரில் விட்டுப்போன ஒற்று அப்படித்தான் சேர்ந்திருக்கிறது.

மாறாத வரிகளை எதற்காக அனுப்ப வேண்டும் என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பேட்ச் நிரல் இடத்தைக் கண்டுபிடிப்பது அவற்றை வைத்துத்தான். வரி எண் ஓர் ஊகம் மட்டுமே. அந்த எண்ணில் பார்த்து, சுற்றியுள்ள வரிகள் பொருந்தவில்லை என்றால் மேலும் கீழும் தேடிப் போய், பொருந்தும் இடத்தில் மாற்றத்தைச் செய்யும். வழக்கமாக மாற்றத்துக்கு முன்னும் பின்னும் மும்மூன்று வரிகள் இப்படித் துணைக்கு வரும். மேலே உள்ள கோப்பு சிறியது என்பதால் இரண்டிரண்டே வந்திருக்கின்றன. இவற்றைச் சூழல் வரிகள் என்று சொல்லலாம்.

படிக்கும்போது உங்களையே கேட்டுக்கொள்ள வேண்டியவை: சொன்ன மாற்றம் மட்டும்தான் இருக்கிறதா, சொல்லாத கோப்பு ஏதாவது உள்ளே வந்திருக்கிறதா, நீக்கப்படும் வரிகள் நீக்கத் தக்கவைதானா. பாதைகளில் ஒன்று "/டெவ்/நல்" என்று இருந்தால் கவனியுங்கள். மேலே அது இருந்தால் புதிய கோப்பு ஒன்று உருவாகப்போகிறது. கீழே இருந்தால் ஒரு கோப்பு முழுவதுமாக அழியப்போகிறது.

இரண்டாம் படி: பேட்ச் உருவாக்குவது

கிட் இல்லாமல் வெறும் கோப்புகளாக வேலை செய்கிறவர்கள், திருத்தத் தொடங்கும் முன்பே மூலக் கோப்புறையை ஒரு நகல் எடுத்து வைக்க வேண்டும். பிறகு இரண்டையும் ஒப்பிட வேண்டும்:

```
டிஃப் --யூனிஃபைட் --ரிகர்சிவ் --நியூ-ஃபைல் பழையது புதியது > மாற்றம்.பேட்ச்
```

முதல் விருப்பம் மேலே பார்த்த வடிவத்தைத் தருகிறது. இரண்டாவது, உள் கோப்புறைகளுக்குள்ளும் போகச் சொல்கிறது. மூன்றாவது, புதிதாக உருவாக்கிய கோப்புகளையும் சேர்க்கச் சொல்கிறது. இதை விட்டுவிட்டால் புதிய கோப்பின் உள்ளடக்கம் பேட்சில் வராது. வித்தியாசம் இருந்தால் டிஃப் நிரல் 1 என்ற நிலை எண்ணோடு முடியும். அது பிழை அல்ல. வித்தியாசமே இல்லாவிட்டால் 0, உண்மையான சிக்கல் என்றால் 2. தானியங்கி ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கிட் களஞ்சியத்துக்குள், அதாவது கிட் வரலாறு வைத்திருக்கும் கோப்புறைக்குள், வேலை செய்தால் இன்னும் எளிது:

```
கிட் டிஃப் > மாற்றம்.பேட்ச்
```

இங்கே ஒரு பொறி இருக்கிறது. கிட் இதுவரை அறியாத புதிய கோப்பு இதில் வராது. முதலில் "கிட் ஆட் --இன்டென்ட்-டு-ஆட் கோப்பின்பெயர்" என்று அறிமுகப்படுத்திவிட்டு எடுங்கள். படம் போன்ற பைனரி கோப்புகள் இருந்தால் "--பைனரி" என்பதைச் சேருங்கள். அப்படி எடுத்த பேட்சைக் கிட்டில்தான் பொருத்த வேண்டும்.

அனுப்புவதைப் பற்றி ஒரு கண்டிப்பான வார்த்தை. பேட்சை எப்போதும் கோப்பாகவே இணைத்து அனுப்புங்கள். அரட்டைச் செய்தியிலோ மின்னஞ்சலின் உடலிலோ ஒட்டினால், வரியின் தொடக்கத்திலுள்ள வெற்றிடம் காணாமல் போகும், டேப் எழுத்து வெற்றிடங்களாக மாறும், நீளமான வரி இரண்டாக உடையும். இவற்றில் ஒன்று நடந்தாலே பேட்ச் கெட்டுவிடும். பேட்ச் கோப்பு பெரும்பாலும் சில கிலோபைட்தான் இருக்கும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்ததே, அது போன்ற நாள்களில் இணையம் சரியாக இல்லாவிட்டாலும் ஒரு பென் டிரைவில் கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம். எந்தச் சர்வரும் நடுவில் வேண்டியதில்லை. இந்தக் கருவிகள் மீது எனக்குள்ள மதிப்புக்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்றாம் படி: ஒத்திகை பார்த்துவிட்டுப் பொருத்துவது

முதலில் நிரலின் மேல் கோப்புறைக்குப் போங்கள். அதாவது "தடம்" என்ற கோப்புறை கண்ணுக்குத் தெரியும் இடத்துக்கு. பிறகு எதையும் மாற்றாமல் ஒத்திகை மட்டும் பாருங்கள்:

```
பேட்ச் --டிரை-ரன் --ஸ்ட்ரிப்=1 --இன்புட்=மாற்றம்.பேட்ச்
```

"--டிரை-ரன்" என்பதுதான் ஒத்திகை. என்ன நடக்கும் என்று சொல்லும், கோப்பைத் தொடாது. இதைச் செய்யாமல் யாரும் பேட்ச் பொருத்தக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. இரண்டு விநாடி வேலை.

"--ஸ்ட்ரிப்=1" என்பது, நான் மேலே சொன்ன அந்த முன்னொட்டு எழுத்துக்கான மருந்து. பேட்சில் இருக்கும் பாதை "ஏ/தடம்/நிறுத்தங்கள்". உங்கள் கணினியில் "ஏ" என்ற கோப்புறை இல்லை. பாதையின் முன்பக்கத்திலிருந்து ஒரு படியை வெட்டினால் "தடம்/நிறுத்தங்கள்" என்று ஆகும், கோப்பு கிடைத்துவிடும். நீங்கள் ஏற்கெனவே "தடம்" கோப்புறைக்குள் நின்றுகொண்டிருந்தால் இரண்டு படிகளை வெட்ட வேண்டும்; எண்ணை 2 ஆக்குங்கள். பேட்சிலேயே முன்னொட்டு இல்லாமல் இருந்தால் 0. பேட்ச் கோப்பின் முதல் இரண்டு வரிகளைப் பார்த்து, நீங்கள் நிற்கும் இடத்தையும் பார்த்தால் எண் தானாகத் தெரிந்துவிடும். உலகமெங்கும் இதைப் "பி1" என்று சுருக்கமாகச் சொல்வார்கள் (இந்தப் பி வேறு, பாதையின் முன்னால் வரும் பி வேறு). ஆவணங்களில் அதையும் பார்ப்பீர்கள்.

ஒத்திகை சுத்தமாக முடிந்தால் உண்மையான பொருத்தல்:

```
பேட்ச் --பேக்கப் --ஸ்ட்ரிப்=1 --இன்புட்=மாற்றம்.பேட்ச்
```

"--பேக்கப்" போட்டால், மாறும் ஒவ்வொரு கோப்பின் பழைய வடிவமும் ".ஆரிஜ்" என்ற வாலோடு பக்கத்திலேயே இருக்கும். கிட் பயன்படுத்துகிறவர்களுக்கு இது வேண்டாம். மற்றவர்களுக்குக் கட்டாயம் வேண்டும்.

வேண்டாம் என்று தோன்றினால் திரும்ப எடுப்பதும் அதே கட்டளைதான். "--ரிவர்ஸ்" என்பதைச் சேர்த்தால் கூட்டல் கழித்தலாகும், கழித்தல் கூட்டலாகும்.

நான்காம் படி: திரையில் வரும் செய்திகளுக்குப் பொருள்

இங்கேதான் பொறுமை வேண்டும். பலரும் திரையில் எழுத்து ஓடினாலே வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். பேட்ச் நிரல் தேவையில்லாமல் பேசாது. அது சொல்லும் ஒவ்வொரு வரிக்கும் காரணம் உண்டு.

*ஆஃப்செட்.* துண்டு பொருந்தியது, ஆனால் சொன்ன வரியில் இல்லை. இத்தனை வரி தள்ளி இருந்தது என்று பொருள். இரண்டு மூன்று வரி தள்ளியிருப்பது சாதாரணம். மேலே யாரோ சில வரிகளைச் சேர்த்திருப்பார்கள். நூற்றுக்கணக்கான வரிகள் தள்ளியிருந்தால் நின்று பாருங்கள். நம் கோப்பில் காலை பஸ்களுக்கு ஒரு பட்டியலும் மாலை பஸ்களுக்கு ஒரு பட்டியலும் இருக்கிறது, இரண்டிலும் நிறுத்தங்கள் ஒரே வரிசையில் இருக்கின்றன என்று வையுங்கள். காலைப் பட்டியலை நீங்கள் ஏற்கெனவே மாற்றியிருந்தால், அங்கே சூழல் வரிகள் பொருந்தாது. பேட்ச் கீழே தேடிப் போய் மாலைப் பட்டியலில் கன்னியக்கோயிலைச் சேர்த்துவிட்டு, வெற்றி என்று சொல்லும். அதன் கண்ணோட்டத்தில் அது சரிதான். தவறு என்று சொல்ல வேண்டியவர் நீங்கள்.

*ஃபஸ்.* இது இன்னும் கவனிக்க வேண்டியது. சூழல் வரிகள் முழுவதும் பொருந்தாதபோது, ஓரத்திலுள்ள வரிகளை விட்டுவிட்டுப் பார்க்கும் தளர்வு இது. இயல்பான எல்லை 2. மூன்று சூழல் வரிகளில் இரண்டை விட்டுவிட்டால், ஒரு பக்கத்துக்கு ஒரே ஒரு வரியை நம்பித்தான் இடம் முடிவாகிறது. ஃபஸ் என்று பார்த்தாலே அந்தக் கோப்பைத் திறந்து மாற்றம் விழுந்த இடத்தைப் படியுங்கள். முக்கியமான நிரல் என்றால் "--ஃபஸ்=0" என்று கொடுத்துத் தளர்வே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

*கோப்பைக் கண்டுபிடிக்க முடியவில்லை.* ஸ்ட்ரிப் எண் தவறு, அல்லது நீங்கள் நிற்கும் கோப்புறை தவறு. எந்தக் கோப்பைப் பொருத்துவது என்று கேட்டு நிரல் காத்திருக்கும்போது எதையாவது தட்டிச் சமாளிக்காதீர்கள். கன்ட்ரோல்-சி அழுத்தி வெளியே வந்து, பாதையைச் சரிபார்த்து மறுபடி தொடங்குங்கள்.

*ஏற்கெனவே பொருத்தப்பட்டது, அல்லது தலைகீழாக உள்ளது.* பெரும்பாலும் நீங்களோ உங்கள் கூட்டாளியோ அதை முன்பே பொருத்திவிட்டீர்கள் என்றே பொருள். திருப்பிப் பொருத்தட்டுமா என்று நிரல் கேட்கும். ஆம் என்று சொன்னால் செய்த வேலை கழன்றுவிடும். இல்லை என்று சொல்லி வெளியேறுங்கள். ஸ்கிரிப்டில் ஓட்டும்போது "--ஃபார்வர்ட்" கொடுத்தால் இப்படிப்பட்ட துண்டுகளைக் கேள்வி கேட்காமல் தாண்டிவிடும்.

*துண்டு தோற்றது.* பொருந்தும் இடம் எங்கும் கிடைக்கவில்லை. இதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும்: மூன்று துண்டுகளில் ஒன்று தோற்றால், பேட்ச் மற்ற இரண்டையும் பொருத்திவிட்டுத்தான் நிற்கும். கோப்பு அரை பழையது, அரை புதியது என்ற நிலையில் இருக்கும். தோற்ற துண்டு, கோப்பின் பெயரோடு ".ரெஜ்" என்ற வாலைச் சேர்த்துத் தனிக் கோப்பாக வைக்கப்படும்.

இப்போது செய்ய வேண்டியது கை வேலை. ரெஜ் கோப்பை ஒரு பக்கமும் மூலக் கோப்பை மறு பக்கமும் திறந்து வையுங்கள். கழித்தல் குறியிட்ட வரியை மூலத்தில் தேடுங்கள். நம் எடுத்துக்காட்டில் "தவளகுப்பம்" என்று தேடினால் கிடைக்கவில்லை. சுற்றியுள்ள வரிகளைப் பார்த்தால், புதுச்சேரிக்காரர் ஏற்கெனவே ஒற்றைச் சேர்த்துவிட்டு, அடுத்த வரியாக "நோணாங்குப்பம்" என்பதையும் நுழைத்திருக்கிறார். அப்படியானால் தவளக்குப்பம் திருத்தம் தேவையில்லை. கன்னியக்கோயில் சேர்ப்பை மட்டும் கையால் எழுதினால் போதும். இந்த முடிவை எந்தக் கருவியும் எடுக்காது. மாற்றத்தின் நோக்கம் தெரிந்தவர்தான் எடுக்க முடியும். முடித்ததும் ரெஜ், ஆரிஜ் கோப்புகளை மறக்காமல் நீக்குங்கள். அவை எங்கே இருக்கின்றன என்று இந்தக் கட்டளைகள் பட்டியலிடும்:

```
ஃபைண்ட் . -நேம் '*.ரெஜ்'
ஃபைண்ட் . -நேம் '*.ஆரிஜ்'
```

*பேட்ச் உருக்குலைந்தது.* கோப்பு வழியில் கெட்டுவிட்டது, அல்லது யாரோ பேட்சையே கையால் திருத்தி, முகவரி வரியிலுள்ள எண்களை மாற்றாமல் விட்டிருக்கிறார்கள். மறுபடி அனுப்பச் சொல்லுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத வித்தியாசங்கள்

வரி அப்படியே இருக்கிறது, எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறது, ஆனாலும் துண்டு தோற்கிறது. இதற்கு மூன்று காரணங்களைப் பாருங்கள்.

முதலாவது, வரி முடிவு. விண்டோஸில் எழுதிய கோப்பின் ஒவ்வொரு வரி முடிவிலும் லினக்ஸில் இல்லாத ஒரு கூடுதல் எழுத்து இருக்கும். "டாஸ்2யூனிக்ஸ்" என்ற சிறு நிரல் அதை நீக்கிவிடும். பேட்ச், மூலக் கோப்பு இரண்டையும் ஒரே வகைக்குக் கொண்டுவாருங்கள்.

இரண்டாவது, டேப்பும் வெற்றிடமும். "--இக்னோர்-ஒயிட்ஸ்பேஸ்" கொடுத்தால் இந்த வேறுபாட்டைப் பேட்ச் பொருட்படுத்தாது. பைத்தான் நிரல்களில் இதைக் கொடுத்துவிட்டு அப்படியே விட்டுவிடாதீர்கள். அங்கே உள்தள்ளலே இலக்கணம்.

மூன்றாவது தமிழில் எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டியது. யூனிகோடில் "கோ" என்பதை இரண்டு விதமாக எழுத முடியும். "க" எழுத்துக்குப் பின் ஓகாரக் குறியை ஒரே குறியாக வைக்கலாம். அல்லது முன்னால் தெரியும் இரட்டைக் கொம்பைத் தனியாகவும் பின்னால் வரும் காலைத் தனியாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கோப்பில் வேறு வேறு. ஒகரம், ஔகாரத்துக்கும் இதே கதைதான். யூனிகோட் எழுத்துகளைக் கோப்பில் பைட்களாகச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் 3 பைட் எடுத்துக்கொள்ளும் என்பதால், முதல் முறையில் எழுதிய ஓகாரக் குறி 3 பைட், இரண்டாவது முறையில் 6 பைட். டிஃப் நிரலுக்கு எழுத்து தெரியாது, பைட் மட்டுமே தெரியும். ஆக, கன்னியக்கோயில் என்ற வரி சூழல் வரியாக வந்து, இரண்டு கணினிகளின் விசைப்பலகைகளும் வெவ்வேறு விதமாக எழுதியிருந்தால், பேட்ச் பொருந்தாது.

சந்தேகம் வந்தால் அந்த வரியை இரண்டு பக்கத்திலிருந்தும் தனித்தனிக் கோப்பாக எடுத்துப் பைட்களை எண்ணுங்கள்:

```
டபிள்யூசி --பைட்ஸ் வரி1 வரி2
```

வேறுபாடு 3இன் மடங்காக இருந்தால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. பைத்தானில் "யூனிகோட்டேட்டா" தொகுப்பின் "நார்மலைஸ்" செயற்கூறைக் கொண்டு எல்லாக் கோப்புகளையும், ஓகாரத்தை ஒரே குறியாக வைக்கும் "என்எஃப்சி" வடிவத்துக்கு மாற்றிவிட்டால் தீர்ந்தது. தமிழ் உரை உள்ள எந்த நிரலையும் பலர் சேர்ந்து எழுதுவதாக இருந்தால், இந்த விதியை முதல் நாளே பேசி முடிவுசெய்துவிடுங்கள்.

இன்னொன்று. கோப்பின் பெயர் தமிழில் இருந்தால், கிட் அதை "\340\256\225" என்பது போன்ற எண் கோவையாகக் காட்டும். பயப்பட வேண்டாம், அந்த மூன்று எண்களும் "க" என்ற எழுத்துதான். இந்த ஒரு அமைப்பு போதும்:

```
கிட் கான்ஃபிக் --குளோபல் கோர்.கோட்பாத் ஃபால்ஸ்
```

ஐந்தாம் படி: கிட் அப்ளை

கிட் களஞ்சியத்துக்குள் இருப்பவர்களுக்கு நான் பரிந்துரைப்பது இதைத்தான். முதல் காரணம், இது அரைகுறையாக எதையும் செய்யாது. எல்லாத் துண்டுகளும் பொருந்தினால் பொருத்தும். ஒன்று பொருந்தாவிட்டாலும் எதையும் தொடாது. இரண்டாவது, ஃபஸ் தளர்வு இதில் இல்லை. முன்னொட்டு ஒரு படியைத் தானாகவே வெட்டிக்கொள்ளும்.

```
கிட் அப்ளை --ஸ்டாட் மாற்றம்.பேட்ச்
கிட் அப்ளை --செக் மாற்றம்.பேட்ச்
கிட் அப்ளை மாற்றம்.பேட்ச்
```

முதல் கட்டளை எந்தெந்தக் கோப்பில் எத்தனை வரி மாறும் என்று பட்டியலிடும். இரண்டாவது ஒத்திகை, எதுவும் சொல்லாமல் முடிந்தால் நல்ல செய்தி. மூன்றாவது பொருத்தல். இந்தக் கட்டளையை உள் கோப்புறையிலிருந்து ஓட்டாதீர்கள்: அந்தக் கோப்புறைக்கு வெளியே உள்ள கோப்புகளுக்கான மாற்றங்களைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். பொருத்திய பின் "கிட் டிஃப்" ஓட்டி வந்ததைப் படியுங்கள்.

ஒத்திகை தோற்றால் "--3வே" சேர்த்து முயலுங்கள். பேட்ச் எந்த மூலக் கோப்பிலிருந்து எடுக்கப்பட்டதோ, அந்தப் பழைய வடிவம் உங்கள் களஞ்சியத்திலும் இருந்தால், அந்தப் பழைய வடிவம், உங்கள் இப்போதைய கோப்பு, பேட்ச் தரும் வடிவம் ஆகிய மூன்றையும் கிட் ஒப்பிட்டு இணைக்கும். மோதும் இடங்களில் கோப்புக்குள்ளேயே இரண்டு பக்கத்து வரிகளையும் அடையாளக் கோடுகளோடு காட்டும். ரெஜ் கோப்பைப் பார்த்துத் திருத்துவதைவிட இது எனக்குத் தெளிவாகப்படுகிறது. ரெஜ் கோப்பே பழகியவர்களுக்கு "--ரிஜெக்ட்" இருக்கிறது. வரி இறுதியில் தேவையற்ற வெற்றிடம் என்று வரும் எச்சரிக்கை பொருத்தலைத் தடுக்காது; "--ஒயிட்ஸ்பேஸ்=ஃபிக்ஸ்" அதைத் துடைத்துவிடும்.

ஆறாம் படி: எழுதியவரின் பெயரோடு

கிட் அப்ளை வரிகளை மட்டும்தான் கொண்டுவரும். கமிட், அதாவது மாற்றத்தைக் கிட் வரலாற்றில் பதியும் வேலை, நீங்கள் செய்வதால் வரலாற்றில் உங்கள் பெயர் ஏறும். உழைத்தவர் கடலூர்க்காரர். அவர் பெயரும் தேதியும் விளக்கமும் அப்படியே வர வேண்டும் என்றால், அவர் கமிட் செய்துவிட்டு இப்படி எடுக்க வேண்டும்:

```
கிட் ஃபார்மட்-பேட்ச் -1
```

கடைசிக் கமிட், 0001 என்று தொடங்கும் பெயரில் மின்னஞ்சல் வடிவக் கோப்பாகக் கிடைக்கும். எண்ணை 3 ஆக்கினால் கடைசி மூன்று கமிட்கள், மூன்று கோப்புகளாக. பெறுபவர் செய்ய வேண்டியது:

```
கிட் ஏஎம் --3வே 0001-*.பேட்ச்
```

கமிட்டும் சேர்ந்தே நடந்துவிடும். மோதல் வந்தால் கோப்பைத் திருத்தி, "கிட் ஆட்" செய்து, "கிட் ஏஎம் --கன்டினியூ" என்று தொடரலாம். குழம்பிவிட்டது என்றால் "கிட் ஏஎம் --அபார்ட்". தொடங்கிய இடத்துக்கே திரும்பிவிடுவீர்கள். பிறர் உழைப்பைப் பெறும்போது இந்த வழியையே பயன்படுத்துங்கள் என்று மாணவர்களிடம் வற்புறுத்துகிறேன். வேலை தேடும் நாளில், தன் பெயர் பதிந்த கமிட்தான் அந்தப் பையனுக்கோ பெண்ணுக்கோ சான்று.

பேட்ச்கள் வரிசையாக வந்தால் வரிசை மாறாமல் பொருத்துங்கள். இரண்டாவது பெரும்பாலும் முதலாவதன் மேல் நிற்கும். வெளியாரின் நிரலுக்கு மேல் உங்கள் மாற்றங்களை நீண்ட காலம் பராமரிக்க வேண்டியிருந்தால் "குவில்ட்" என்ற கருவியைப் பாருங்கள். டெபியன் தொகுப்பாளர்கள் பேட்ச்களை அடுக்கி வைப்பது அதே வடிவத்தில்தான்.

முன்பின் தெரியாதவர் அனுப்பிய பேட்ச்

பேட்ச் என்பது நிரல். அதை ஓட்டும் முன் முழுவதும் படிக்க வேண்டும். பேட்ச் நிரலிலேயே பாதுகாப்புக் குறைகள் இருந்ததுண்டு: "எட்" என்ற பழைய உரைத் தொகுப்பானின் கட்டளை வடிவத்தில் எழுதப்பட்ட பேட்ச் ஒன்றைப் பொருத்தும்போதே, அனுப்பியவர் விரும்பிய கட்டளை உங்கள் கணினியில் ஓட வழி இருந்தது. 2018இல் அது வெளிப்பட்டுத் திருத்தப்பட்டது. ஆகவே கருவியைப் புதுப்பித்து வைத்திருங்கள், நிர்வாகி உரிமையோடு பேட்ச் கட்டளையை ஓட்டாதீர்கள். பாதையில் இரட்டைப் புள்ளி வந்து மேல் கோப்புறைக்குப் போகப் பார்க்கிறதா, நிறுவும் ஸ்கிரிப்டுகளிலோ கடவுச்சொல் தொடர்பான கோப்புகளிலோ காரணம் சொல்லாத வரி இருக்கிறதா என்று பாருங்கள். ஆயிரக்கணக்கான வரிகள் கொண்ட ஒரே பேட்ச் வந்தால், சிறு சிறு பேட்ச்களாகப் பிரித்து அனுப்பச் சொல்லிக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. படித்து முடித்ததும் தனிக் கிளை ஒன்றை, அதாவது முதன்மை நிரலைத் தொடாத தனி வரலாற்றுத் தடம் ஒன்றை, கிட்டில் தொடங்கி அதில் பொருத்துங்கள். சோதனைகளை ஓட்டிப் பார்த்த பிறகு முதன்மைக் கிளையில் சேர்த்துக்கொள்ளலாம்:

```
கிட் ஸ்விட்ச் --கிரியேட் சோதனை
கிட் ஏஎம் --3வே 0001-*.பேட்ச்
```